ஜன்னலுக்கு வராத மாணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரி என்றதும் பாடத்திட்டம், தேர்வு, வேலைவாய்ப்பு என்றுதான் பேசுகிறோம். இவற்றுக்கு வெளியே ஒரு கல்லூரி தன் மாணவருக்குச் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். உதவித்தொகை வாங்கித் தருவது, விடுதி, பஸ் பாஸ், சான்றிதழ்கள், உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் போனால் பார்த்துக்கொள்வது, புகார் சொன்னால் காது கொடுப்பது. தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியதோடு இந்த வேலைகளையும் பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்தவள் நான். இன்றைய பிள்ளைகள் வந்த பிறகு இவற்றில் என்ன மாறியிருக்கிறது, எது மாறாமல் அடம்பிடிக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

பழைய கல்லூரி அலுவலகங்களில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் இருக்கும். போனஃபைட் சான்றிதழ் முதல் கடைசி நாள் டி.சி. வரை எல்லாம் அதன் வழியாகத்தான். உள்ளே ஒரு கிளார்க், வெளியே ஒரு வரிசை. "நாளைக்கு வா" என்றால் மாணவர் நாளைக்கு வருவார். மறுபடி "நாளைக்கு" என்றால் மறுபடியும் வருவார். அந்தப் பொறுமையை நம்பித்தான் அலுவலகமே ஓடியது. இன்றைய பிள்ளைகளிடம் அது கிடையாது. சிலர், "எத்தனை மணிக்கு வரணும், யாரைப் பார்க்கணும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இன்னும் சிலர் வருவதையே விட்டுவிடுகிறார்கள். கேட்கிறவர்களைப் பார்த்து அலுவலகத்துக்குக் கோபம் வருகிறது. எனக்கோ, வராமல் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

யார் இந்தப் பிள்ளைகள்? மத்திய அரசின் 2021-22 உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்துக்குப் போகும்போது, இதுவரை கல்லூரி வாசலை மிதிக்காத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்று பொருள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. இந்தப் பணத்தில் பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் போக மீதியை அம்மாவிடம் கொடுக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்று கொரோனா. 2021-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். அந்த ஆண்டு கல்லூரிக்கு வந்தவர்களுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. நேருக்கு நேர் நின்று பேசவும் தயங்கினார்கள். அதே பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் சரமாரியாகக் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பள்ளிப் பாடங்களையே கைபேசியில் படித்தவர்கள். வகுப்பு, நட்பு, சண்டை எல்லாமே திரையில் நடந்து பழகியவர்கள், ஒரு கையெழுத்துக்காகக் கம்பி ஜன்னல் முன்னால் காத்து நிற்பதை வினோதமாகத்தான் பார்ப்பார்கள்.

சரி, எல்லாவற்றையும் ஆன்லைனாக்கிவிட்டால் முடிந்துபோயிற்று என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. இங்கேதான் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். இந்தத் தலைமுறை கைபேசியோடு பிறந்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ரீல்ஸ் எடிட் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, உண்மைதான். ஆனால் வருமானச் சான்றிதழை 200 கேபி-க்குள் பிடிஎஃப் ஆக்கி ஏற்று என்று இணையதளம் சொன்னால் பலர் திகைத்துப்போகிறார்கள். நேரே பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறார்கள். ஜன்னல் முன்னால் இருந்த வரிசை அங்கே போய்விட்டது, அவ்வளவுதான். அங்கே கேட்ட காசையும் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில், அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கப் போனால் ஓடிபி கடைக்காரருக்குப் போகும். அவர் கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்?

வங்கிக் கணக்கு இதைவிடப் பெரிய சிக்கல். "மேம், எல்லாருக்கும் பணம் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரல" என்று ஒரு மாணவி வருவார். பார்த்தால் பணம் போயிருக்கும். அரசு நேரடியாகப் போடும் பணம், ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் படிக்கும்போது ஒரு கணக்கு தொடங்கியிருப்பார்கள். நடுவில் ஊருக்குத் தபால்காரர் வந்து கைரேகை வைக்கச் சொல்லி அஞ்சலக வங்கியில் இன்னொன்று தொடங்கிக் கொடுத்திருப்பார். இரண்டாவது இருப்பதே மறந்துபோயிருக்கும். கல்லூரியில் எழுதிக் கொடுத்தது ஒரு கணக்கு, ஆதார் காட்டுவது வேறு கணக்கு. இதைக் கண்டுபிடித்து வங்கியில் போய் மாற்றச் சொல்ல வேண்டும். வங்கிக்குப் போனால் அங்கே ஒரு "நாளைக்கு வா" காத்திருக்கும்.

எங்கள் கல்லூரியில் இந்த வேலையை ஒரு வணிகவியல் ஆசிரியை பார்த்தார். மாணவிகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவரின் ஆதார் இணைப்பையும் அவரவர் கைபேசியிலேயே பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். அந்த ஆண்டு விழாவில் பாராட்டுப் பெற்றது கல்லூரிக்காக வாங்கிய செயலி! அது செய்ததெல்லாம், பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றும் கட்டணம் பாக்கி என்றும் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது மட்டும்தான்.

அப்புறம் நேரம். கல்லூரி அலுவலகம் பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடும். அந்த நேரம் முழுக்க மாணவர் வகுப்பில் இருப்பார். மதிய இடைவேளையில் வந்தால் அலுவலகமும் சாப்பிடப் போயிருக்கும். இது முன்பும் அப்படித்தான். இன்று வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிற மாணவர்கள் அதிகம். முகூர்த்த நாள் என்றால் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலை, மற்ற நாட்களில் உணவு டெலிவரி, துணிக்கடை. மாதம் முழுக்க முகூர்த்தம் வந்தால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு கண்டோனேஷன் என்று அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதத்துக்காக இன்னும் இரண்டு கல்யாணத்துக்குப் போவான். சிரிக்காதீர்கள், இது நடக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கவுண்டர் மட்டுமாவது திறந்திருக்கட்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு, ஒருவழியாக நடந்தது. செலவு ஒரு பைசா இல்லை, பணியாளர்கள் முறை வைத்துச் சாப்பிட்டார்கள்.

இனி மனநலம். மாற்றம் அதிகம் தெரிவது இங்கேதான்.

என் தலைமுறையில் மனசு சரியில்லை என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்வதை நினைத்துப் பார்க்கவே முடியாது. இன்றைக்கு முதலாம் ஆண்டு மாணவி வந்து, "மேம், எனக்கு பேனிக் அட்டாக் வருது" என்கிறார். ஆங்சைட்டி, டாக்ஸிக் எல்லாம் சரளமாக வருகின்றன. ரீல்ஸில் கற்றுக்கொண்டவைதான். எங்கள் ஓய்வறையில் இதைப் பலர் கிண்டல் செய்வார்கள்: "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" அவர்கள் காலத்திலும் இருந்தது. ஒருவன் திடீரென்று வருவதை நிறுத்திவிடுவான். சில வாரம் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்து "இடைநின்றவர்" என்று எழுதுவோம். ஏன் நின்றான் என்று யாரும் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டதில்லை.

இந்தப் பிள்ளைகள் சொல்வதெல்லாம் அப்படியே நோய் என்று நான் சொல்லவில்லை. அரியர் பயத்தையும் டிப்ரஷன் என்பார்கள், காதல் முறிந்ததையும் டிப்ரஷன் என்பார்கள். சில நேரம் நிஜமாகவே டிப்ரஷனாகவும் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் படித்த ஓர் ஆள் வேண்டும். தமிழ் ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ அன்பாகப் பேசலாம், அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது.

விதிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவர் தற்கொலைகளைத் தடுக்க வழி காண, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று இன்னொரு வழக்கில் சொன்னது. 100 பேர் என்றால் கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரியும் வந்துவிடும். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் என்ன நடக்கிறது? வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகிற ஒருவர், இல்லையென்றால் ஏற்கெனவே நாலு பொறுப்பு சுமக்கும் ஆசிரியருக்கு ஐந்தாவதாக இதையும் கொடுப்பது. தேசிய தர மதிப்பீட்டுக் குழுவின் அளவுகோலில் மாணவர் ஆதரவுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. அந்தக் குழு வரும் ஆண்டில் ஆலோசனை மையத்துக்குத் திரைச்சீலை, பூந்தொட்டி எல்லாம் வந்துவிடும்.

எங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஆலோசகர் வந்தார். முதலில் அறை கொடுத்தது முதல்வர் அறைக்குப் பக்கத்தில். வெளியே பெஞ்சில் காத்திருப்பவரைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். ஒருவரும் வரவில்லை. "பார்த்தீங்களா, தேவையே இல்லை" என்று அறிக்கை எழுத ஒரு கோஷ்டி தயாராக இருந்தது. நூலகத்துக்குப் பின்னால் மாற்றினோம். நூலகத்துக்குப் போகிற மாதிரி போகலாம், கேட்டால் புத்தகம் எடுக்க வந்தேன் எனலாம். அப்போதுதான் வர ஆரம்பித்தார்கள். முதலில் மாணவிகள். பையன்கள் மெதுவாகத்தான் வந்தார்கள், அதுவும் "ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சனை" என்று சொல்லிக்கொண்டு. அந்த நண்பர் யார் என்று ஆலோசகர் கேட்கவே மாட்டார். கெட்டிக்காரர்.

வாரத்தில் ஒரு நாள் பகலில் ஆள் இருந்தாலும், பிள்ளைகளுக்குக் கஷ்டம் பெரிதாகத் தெரிவது இரவு பதினொரு மணிக்குத்தான். அந்த நேரத்தில் வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப் வரும். இரவெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்பது நியாயமில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை. அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்தோம்.

விடுதிக்கு வருவோம். இரவில் கைபேசியை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் பல பெண்கள் விடுதிகளில் இருந்தது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில், மாலை ஆறு முதல் பத்து வரை கைபேசி கூடாது என்ற விதியை ஒரு மாணவி ஏற்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் நீதிமன்றம் போனார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. விதியை மீறிவிட்டு ஒளிந்து பேசுவது எங்கள் காலம். விதி சரியா என்று கேட்டு வழக்குப் போடுவது இவர்கள் காலம். பெண் பிள்ளையை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று வார்டன்கள் கேட்கும் கேள்வியும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஆண்கள் விடுதியில் எழுவதில்லை என்பதை மாணவிகள் உடனே சுட்டிக்காட்டிவிடுகிறார்கள்.

புகார்ப்பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். பூட்டுப் போட்ட தகரப்பெட்டி, சாவி முதல்வரிடம். அதில் சாக்லேட் தாளைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. புகார்களெல்லாம் இன்ஸ்டாகிராமில், பெயர் சொல்லாத மாணவர்கள் நடத்தும் கன்ஃபெஷன் பக்கத்தில் இருந்தன. பாதி காதல் கடிதம், மீதியில் மெஸ் சாம்பாரின் படமும் மாணவியர் கழிப்பறையில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் ஓடவில்லை என்ற செய்தியும். நிர்வாகம் அந்தப் பக்கத்தை நடத்துவது யார் என்று விசாரிக்கக் கமிட்டி போட்டது. இயந்திரத்தைப் பழுது பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

முறையான வழி இருக்கிறது என்பதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2023 விதிகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதி ஒருவருக்கும் இடம் உண்டு. புகார் வந்து கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒன்றிரண்டு வார்த்தை. வாசலில் பெரிதாக வைத்திருக்கும் வேலைவாய்ப்பு பேனரைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, மனநல ஆலோசகர் யார், எந்தெந்த நாளில் வருவார், குறைதீர் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்தக் கைபேசி எண்ணையே கொடுங்கள். உதவித்தொகைக்கு எழுதும் முன்பு, ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் உங்கள் மகளையோ மகனையோ பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். கணக்கு மாறியிருந்தால் சேர்க்கை முடியும்வரை காத்திருக்காமல் உடனே வங்கிக்குப் போய் மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.