நழுவிய பந்து யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு டச் ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன்; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பியில், தொட்டு மட்டும் ஆடும் வகை (Touch) இது.

ரக்பி என்றதும், விழுந்து அடிபடுமே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். இதில் மோதல் கிடையாது. அணிக்கு ஆறு பேர். பந்து வைத்திருப்பவரைத் தொட்டால் போதும். கபடி மாதிரி அவர் வெளியே போக வேண்டியதில்லை. அதே இடத்தில் பந்தைத் தரையில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். ஆறாவது தடவை தொட்டால் பந்து எதிரணிக்கு.

பந்தை முன்னால் வீசக்கூடாது என்பதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. கால்பந்து ஆடிய கால்களாயிற்றே! அதனால் முதல் வாரம் ஓட விடமாட்டேன். நான்கு பேர் படிக்கட்டு மாதிரி ஒருவருக்குப் பின் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, நடந்துகொண்டே பந்தைக் கொடுப்பார்கள். பின்னால் வருகிறவர் தனக்குச் சரியான இடத்தில் நின்றால், பாஸ் தானாகப் பின்னால்தான் போகும்.

எங்கள் ஊர்க் குளிரையும் சொல்லவேண்டும். ஜனவரிக் காலையில் புல்லெல்லாம் உறைபனி. விரல் மரத்துப்போகும், பந்து வழுக்கும். எனவே முதல் ஐந்து நிமிடம் யாரும் யாருக்கும் வீசுவதில்லை. இடுப்பைச் சுற்றி, கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டு, அவரவர் பந்தை அவரவரே உருட்டிக் கையைச் சூடேற்றுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றாம் அளவுப் பந்து போதும்; பெரியது அந்தக் கைகளுக்கு அடங்காது.

பிடிக்கும்போது நெஞ்சோடு அணைக்கக்கூடாது. பந்து வருமுன்பே கைகளை நீட்டி, விரல்களை விரித்து, விரல்களால் வாங்கவேண்டும். அப்போதுதான் அடுத்தவருக்கு உடனே கொடுக்க முடியும். கொடுக்கிறவர் அந்த விரிந்த கைகளைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். வீசி முடித்த பின் அவர் விரல்கள் அந்தத் திசையையே காட்டவேண்டும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தொடர்ந்து மூன்று முறை பந்தை விட்டாள். எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டேன். மறுநாள் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வந்த பாஸ் எல்லாம் முழங்காலுக்குக் கீழே! அவளிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் மைதானத்தில், பந்து விழுந்தால் கொடுத்தவர்தான் ஓடிப்போய் எடுத்து வருகிறார். அப்புறம் அதே ஆளுக்கு, நெஞ்சுயரத்தில், மறுபடி ஒரு பாஸ்.