சந்திரசேகரம்பிள்ளையாக நடித்தது யார்?

வணக்கம் மக்களே. புத்தகத்தில் உள்ள ஆளுக்குப் படத்தில் எந்த நடிகரைப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. தலைப்பில் உள்ள சந்திரசேகரம்பிள்ளை ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலில் வருகிற விஞ்ஞானி, அவரிடம் கடைசியில் வருகிறேன். கல்லடியில் வீட்டு மாடியில் இருந்து பேசுகிறேன், கடல் காற்று மைக்கில் வந்து அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனால் ஃபேனை நிறுத்த வேண்டும், இந்த வெக்கையில் அது நடக்காது.

நேற்று இரவு கொத்துக் கடையில் காத்தான்குடிக் கூட்டாளி ஒருத்தனோடு நல்ல வாக்குவாதம். அவன் சொல்கிறான், "மச்சான், புத்தகத்தில ஒரு ஆளை ஒரு மாதிரி எழுதியிருந்தா அப்படியேதான் ஆள் போடணும், மாத்தினா துரோகம்." சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஸ்டார் வார்ஸ் நாவல்கள் பக்கம் போனது. அதே வாய், அதே மேசை, "அதெல்லாம் படத்தை வச்சு எழுதின புத்தகம்டா, கணக்கில இல்ல." அட, இப்போதுதானே புத்தகம் வேதம் என்றாய்! இந்த இரண்டு பேச்சையும் ஒரே ஆள் பேசுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். பிடிக்காத நடிகர் வந்தால் புத்தகத்தைத் தூக்குவார்கள், புத்தகம் இடைஞ்சல் செய்தால் அது வெறும் டை-இன் என்பார்கள்.

தெரியாதவர்களுக்கு, டை-இன் நாவல் என்றால் படத்துக்கோ தொடருக்கோ உரிமை வைத்திருக்கிறவர்கள் அனுமதி கொடுத்து எழுதுவிக்கிற நாவல். அவ்வளவுதான். கூலிக்கு எழுதுவது என்று பலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். கூலிக்கு எழுதினால் என்ன, நல்லதாக இருந்தால் போதாதா?

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், நடிகர் தேர்வும் இந்த நாவல்களும் வேறு வேறு சண்டை இல்லை. ஒன்றின் காலை மற்றது மிதித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் முதல் படம் 1977. அடுத்த வருடமே ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய ஒரு தொடர்ச்சி நாவல் வந்தது, படம் சரியாக ஓடாவிட்டால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று யோசித்து எழுத வைத்தது. அதில் ஹான் சோலோ இல்லவே இல்லை. ஏன்? அந்த வேடத்தில் நடித்த ஹாரிசன் ஃபோர்ட் அப்போது அடுத்த படத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை. நடிகரின் கையெழுத்து இல்லாததால் நாவலில் ஒரு ஆளே காணாமல் போனார். கதை நடக்கிறது முழுக்க மூடுபனி மூடிய கிரகத்தில், பனி இருந்தால் செட் செலவு குறைவு பாருங்கள். படத்தின் நாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் அண்ணன் தங்கை என்று அப்போது யாரும் முடிவு செய்யாததால் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஏடாகூடமாகத்தான் இருக்கும், அதை விடுவோம்.

ஸ்டார் ட்ரெக்குக்கு வாருங்கள். அதில் விண்கப்பலை ஓட்டுகிற சூலு என்ற ஆளின் பெயர் பிலிப்பைன்ஸ் பக்கத்து சூலு கடலில் இருந்து எடுத்தது, எந்த ஒரு ஆசிய நாட்டுக்கும் சொந்தமாகத் தெரியக்கூடாது என்று. நடித்தவர் ஜோர்ஜ் டாக்கே, ஜப்பானிய அமெரிக்கர். அந்த ஆளுக்கு முதல் பெயரே இல்லாமல் தொடர் முடிந்துவிட்டது. 1981இல் வொண்டா மக்கின்டயர் தன் நாவலில் 'ஹிகாரு' என்று வைத்தார், தனி ஜப்பானியப் பெயர். பத்து வருடம் கழித்து ஆறாவது படத்தில் அந்தப் பெயரைத் திரையிலேயே சொல்லிவிட்டார்கள். 2009 படத்தில் சியோலில் பிறந்த ஜோன் சோ அதே வேடத்துக்கு வந்தபோது, ஜப்பானியப் பாத்திரத்தில் கொரியர் நடிக்கலாமா என்று இயக்குநருக்கே தயக்கம், டாக்கேதான் தைரியம் சொன்னார். இப்போது கூட்டாளியிடம் கேட்கிறேன், சூலு ஜப்பானியர் என்று யார் முடிவு செய்தது? பாதி நடிகரின் முகம், மீதிப் பாதி நீ கணக்கில் இல்லை என்று சொல்கிற அந்த நாவல்!

கானை எடுத்தால் இன்னும் வேடிக்கை. அவர் அதே ஸ்டார் ட்ரெக்கின் வில்லன், முழுப் பெயர் கான் நூனியன் சிங். முதல் கதையிலேயே சீக்கியராக இருக்கலாம் என்று சொல்கிறார்கள், 1967இல் நடித்தவர் மெக்சிகோவின் ரிக்கார்டோ மொன்டல்பான். அவர் கம்பீரத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. 2001இலும் 2002இலும் கிரெக் கொக்ஸ் எழுதிய இரண்டு நாவல்கள்தான் அந்த ஆளை உண்மையில் இந்தியாவில் கொண்டுபோய் நிறுத்தின, 1984 டெல்லிக் கலவரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட சீக்கியப் பெடியனாக. கலவரம் என்றால் நமக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அந்த இடத்தை நான் மெதுவாகத்தான் படித்தேன். பிறகு 2013 படம் வருகிறது, கான் யார் என்றால் பெனடிக்ட் கம்பர்பேட்ச்! நல்ல நடிகர், குரல் அபாரம், ஆனால் சிங் எங்கே? இதைச் சமாளிக்கப் பிறகு ஒரு காமிக்ஸ் போட்டார்கள். அதில் நீதிமன்றத்தில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், பதில் என்ன தெரியுமா, சத்திரசிகிச்சை செய்து முகத்தை மாற்றிவிட்டார்களாம். தேர்வில் விட்ட ஓட்டையை அடைக்க டை-இன்னைக் கூப்பிட்டால் மட்டும் அது கணக்கில் வருகிறது.

2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ்காரர்கள் அதுவரை வந்த நாவல்களை எல்லாம் இனி கதைக் கணக்கில் இல்லை என்று 'லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் தனியே ஒதுக்கினார்கள். பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து இது கல்யாணமே இல்லை என்று சொல்கிற மாதிரி. ஆனால் 1991 நாவலில் டிமதி ஸான் படைத்த த்ரான் என்ற நீல நிற வில்லனை மட்டும் விட மனமில்லை. 2016இல் கார்ட்டூன் தொடருக்குள் எடுத்தார்கள், குரல் லார்ஸ் மிக்கெல்சன். 2023இல் நேரடித் தொடரில் அவரையே நீலம் பூசி நிறுத்தினார்கள். அது சரியான வேலை, அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

இப்போது நான் பேச வந்த ஆள். இந்தப் புத்தகத்தைக் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகிறதா? அட்டை ஓரம் உப்புக் காற்றில் சுருண்டுவிட்டது, முதுகில் செலோடேப், முன்னால் யாரோ பெயரை எழுதிப் பிறகு நீலப் பேனாவால் கிறுக்கி அழித்திருக்கிறார்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் '2010' என்ற விண்வெளி நாவல். கிளார்க் 1956இல் இருந்து இலங்கையில் வாழ்ந்தவர், நமக்கு மேலே திருகோணமலைக் கடலில் இறங்கி பழைய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்த்தவர். ஹால் என்ற கம்ப்யூட்டரைப் படைத்த விஞ்ஞானிக்கு இந்த நாவலில் அவர் வைத்த முழுப் பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. இப்படி ஒரு பெயரை லண்டனில் இருந்து யோசித்திருக்க முடியாது, இங்கே எங்கோ ஒரு பெயர்ப்பலகையில் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

1984இல் பீட்டர் ஹயாம்ஸ் படமாக எடுத்தார். நம் ஆளாக நடித்தது பொப் பாலபன், சிக்காகோக்காரர். பெயர் டொக்டர் ஆர். சந்திரா ஆகிவிட்டது. கடைசியில் ஹாலிடம் உண்மையை மறைக்காமல் சொல்கிற காட்சியில் அந்த மனுஷன் நன்றாகத்தான் நடித்தார், எனக்கே கண் கலங்கியது. அது வேறு, சந்திரசேகரம்பிள்ளை காணாமல் போனது வேறு. இதைச் சொன்னால் கூட்டாளி, "அது பழைய படம், விடு மச்சான்" என்கிறான். டூன் நாவலில் ஆணாக வருகிற லியட் கைன்ஸை 2021 படத்தில் பெண்ணாக்கியதற்கு ஒரு மாதம் புலம்பியவன்!

எனக்குக் கைன்ஸ் பெண்ணானதில் கவலையே இல்லை, கதையில் அவர் செய்கிற வேலை அப்படியே இருக்கிறது. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கிளார்க்கே அப்படி நினைக்கவில்லை. இதற்கு முந்தைய பாகமான '2001' என்ற 1968 நாவலில் விண்கப்பல் போவது சனிக்கு, படத்தில் வியாழனுக்கு, அடுத்த நாவலை எழுத உட்கார்ந்தபோது தன் புத்தகத்தை விட்டுவிட்டுப் படத்து வியாழனையே எடுத்துக்கொண்டார். மாற்றும்போது யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்று பார்க்க வேண்டும். கானும் சந்திரசேகரம்பிள்ளையும் போனபோது சத்தமே இல்லை, ஒரு பெண் உள்ளே வந்ததும் புத்தகம் ஞாபகம் வருகிறது.

சரி, மறுபடி எடுத்தால் யாரைப் போடலாம்? என் தேர்வு நாசர். கூட்டாளி பசுபதி என்கிறான், அவர் கோபத்துக்கு நல்லவர், ஆனால் இது ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ஒரு மெஷினிடம் மெல்லமாகக் கதைக்கிற ஆள். உங்கள் ஆள் யார் என்று சொல்லுங்கள், நடிகர் பெயரை மட்டும் போடாமல் எந்தக் காட்சிக்காக என்றும் சொல்லுங்கள், ரஜினி என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.