முகம் மறைத்த நாயகன்

நேயர்களுக்கு வணக்கம்.

1944-இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ‘பிளேசிங் காமிக்ஸ்’ என்ற படக்கதை இதழில் ஒரு நாயகன் வந்தான். பெயர் ‘பச்சை ஆமை’. ஜப்பானியப் படையை எதிர்த்துச் சீன மக்களுக்காகச் சண்டை போடுகிறவன். வரைந்தவர் சூ ஹிங் என்ற சீன வம்சாவளி ஓவியர். அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணை உறுத்தும். நாயகனின் முகம் தெரியாது. கட்டத்துக்குக் கட்டம் நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். திரும்பினாலும் தூக்கிய கையோ நிழலோ முகத்தை மறைத்துவிடும். உடம்புக்கு மட்டும் அளவுக்கு மீறிய இளஞ்சிவப்பு வண்ணம்.

அவனைச் சீனனாகவே காட்ட ஓவியர் விரும்பினார், பதிப்பாளர் சம்மதிக்கவில்லை, அதனால் முகத்தையே காட்டாமல் விட்டார் என்பது செவிவழிச் செய்தி. உறுதியான சான்று இல்லை. படங்களைப் பார்த்தால் எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் படித்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். மறைவதுதான் அவன் பலம். பச்சை ஆமையை மறைத்தது வெளியே இருந்தவர்களின் பயம்.

ஐந்து இதழோடு அவன் கதை நின்றுபோனது. எழுபது ஆண்டு கழித்து, 2014-இல், ஜீன் லுவென் யாங் எழுத, சோனி லியூ வரைய, ‘தி ஷேடோ ஹீரோ’ என்ற படக்கதை நாவலாக அவன் மறுபடி வந்தான். சோனி லியூ நம் மலேசியாவின் சிரம்பானில் பிறந்தவர் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்.

இந்த முறை அவனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. ஹேங்க், சீனர் குடியிருப்பில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன். அப்பாவைப் போலக் கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருக்கிற பையன். அவன் அம்மாவை ஒரு நாள் பறக்கும் வீரர் ஒருவர் கொள்ளைக்காரனிடமிருந்து காப்பாற்றுகிறார். அன்றிலிருந்து மகனும் அப்படி ஆகியே தீரவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். உடை தைத்துக் கொடுக்கிறார், சண்டைப் பயிற்சிக்கு அனுப்புகிறார், இரசாயனம் கொட்டிய இடத்தில் பிள்ளையைத் தள்ளியும் விடுகிறார்! இந்த அம்மாவை நமக்குத் தெரியும். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு டியூஷன் முடிந்ததும் அடுத்த டியூஷனுக்குப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறாரே, அவரேதான். யாங் அவரை வில்லியாக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு அடியில் இருக்கும் ஏக்கத்தையும் காட்டுகிறார்.

பிறகு அப்பா கும்பல்காரர்களால் கொல்லப்படுகிறார். அவர் நிழலில் குடியிருந்த ஆமைத் தெய்வம் மகனின் நிழலுக்கு வருகிறது. அம்மா தைத்த உடை மேலே, அப்பாவிடமிருந்து வந்த நிழல் காலடியில். தான் யார் என்பதை ஹேங்க் அங்கிருந்துதான் தேடத் தொடங்குகிறான்.

கோலாலம்பூரில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படக்கதை வரைகிறவன் நான். சொந்தமாக ஒரு நாயகனை வரையுங்கள் என்று சொன்னால், வருகிற முகங்கள் மனத்தைப் பிசைகின்றன. படிவம் இரண்டு மாணவி ஒருத்தி, நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்து, மஞ்சள் பென்சிலால் முடிக்கு வண்ணம் தீட்டினாள். நாயகன் பெயர் ரையன், ஊர் நியூயார்க். கெட்டிக்காரப் பிள்ளை, கோடு அவ்வளவு சுத்தம். “இவன் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?” என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. இந்த நாவலைக் கொடுத்தேன். அடுத்த வாரம் ரையன் அதே பெயரோடு, அதே மஞ்சள் முடியோடுதான் வந்தான். ஆனால் அவனுக்கு ஒரு பாட்டி இருந்தாள். கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி, தலையில் முண்டாசு, இடுப்பில் சொருகிய சேலை. மற்ற கட்டங்களைவிட அந்தப் பாட்டியைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். பெயரை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. பாட்டி வந்துவிட்டாள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு வருகிறது என்று வரைநோட்டைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்திருப்பவர்கள், தயவுசெய்து அதை இன்றைக்கே எடுத்துக் கொடுங்கள். நாவல் ஆங்கிலத்தில் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையும் கொலையும் வருவதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அம்மாக்களும் கூட உட்கார்ந்து படியுங்கள், ஹேங்கின் அம்மாவைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.