உதவி எங்கே நிற்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் எவ்வாறு துணைநிற்பது என்பது குறித்துப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டனர். பார்வை, செவி, உடலியக்கம், பேச்சு, எழுத்தறிதல், கவனம், அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் என்று ஒவ்வொன்றும் தனி உரைக்குரிய அளவுக்கு விரிந்த பொருள் இது. ஆகவே இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு உதவ வந்தவர் வகுப்பறையில் எங்கே நிற்க வேண்டும்?

இக்கேள்வி எனக்கு என் தவற்றிலிருந்து கிடைத்தது. சிறப்பாசிரியராகப் பணியில் சேர்ந்த புதிதில், மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் தடைபடும் பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுவனின் பக்கத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பேன். அவனுக்குப் பேச்சு வரும். ஆனால் மெதுவாக வரும். ஆசிரியர் கேள்வி கேட்டதும் அவன் உதடு அசையத் தொடங்கும்; சொல் முழுமையாக வெளிவருவதற்குள் நான் அதை ஊகித்துச் சொல்லிவிடுவேன். சில வாரங்களில் வகுப்பாசிரியர் அவனைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, "அவனுக்குப் புரிந்ததா?" என்று என்னைக் கேட்கலானார். அவன் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அமர்ந்திருந்தான். நானும் கூச்சமின்றி, "புரிந்தது" என்று பதில் சொன்னேன். இதிலுள்ள பிழை எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

எனக்கு மட்டும் நேர்ந்த பிழையாக இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் வகுப்பு உதவியாளர்களின் பணியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்று, உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற மாணவர்கள், அவர்களைப் போன்ற தொடக்க நிலையிலிருந்து குறைவான துணையோடு பயின்ற மாணவர்களைவிடப் பாடங்களில் குறைவாகவே முன்னேறினர் என்று கண்டது. உதவியாளர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமென்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவர்களைப் பயன்படுத்திய முறையையே சுட்டினர். உதவியாளர் அருகில் இருந்ததால் ஆசிரியரோடு அந்தக் குழந்தைக்கு இருந்த நேரடித் தொடர்பு சுருங்கியது. பாடத்தை முன்கூட்டித் தயாரிக்கவோ ஆசிரியரோடு கலந்து பேசவோ உதவியாளருக்கு நேரம் தரப்படவில்லை. குழந்தை புரிந்துகொள்வதைவிடக் கொடுத்த வேலையை முடிப்பதே முக்கியமாகிவிட்டது. மிகவும் தேர்ந்த ஆசிரியர் தேவைப்படும் குழந்தைக்கு அந்த ஆசிரியரே குறைவாகக் கிடைத்தார் என்பதுதான் இதில் வேதனையானது.

அந்தச் சிறுவனுக்கு என்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டது நேரம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து அளந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன; வாய் திறவாதிருந்த மாணவர்களும் பேசத் தொடங்கினர். எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைக்கே மூன்று நொடி வேண்டியிருக்கிறது என்றால், நாவின் தசைகளை ஒருங்கிணைக்கப் போராடும் குழந்தைக்கு எத்தனை நொடி வேண்டும்? பத்து நொடி மௌனம் வகுப்பறையில் மிக நீண்டதாகத் தோன்றும். அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவது ஆசிரியருக்கும் பிற மாணவர்களுக்கும் உரிய பயிற்சி.

செவித்திறன் குறைந்த குழந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கருவி பொருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் இந்த ஒன்றில்தான் மிகுதி. மூக்குக் கண்ணாடி பார்வையைத் திருத்துவதுபோலக் காது கேட்கும் கருவி செவித்திறனைத் திருத்துவதில்லை. அது ஒலியைப் பெருக்குகிறது. ஆசிரியரின் குரலோடு நாற்காலி இழுபடும் ஓசையும், மின்விசிறியின் இரைச்சலும், பக்கத்து வகுப்பின் ஆரவாரமும் சேர்ந்தே பெருகுகின்றன. ஆசிரியர் ஓரிரு மீட்டருக்கு அப்பால் போனால் பேச்சுத் தெளிவு விரைவில் குறைகிறது. அவர் கரும்பலகையில் எழுதியபடியே விளக்கும்போது, உதடுகளைப் பார்த்துப் பொருள் கூட்டிக்கொண்டிருந்த குழந்தைக்குப் பாதிப் பாடம் அறுந்துபோகிறது. இதற்கு வேண்டிய மாற்றங்கள் எளியவை: எழுதி முடித்து, திரும்பி நின்று, முகத்தில் வெளிச்சம் விழும் இடத்திலிருந்து பேசுவது, பின்வரிசை மாணவர் சொன்ன விடையை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்வது, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் பொருத்துவது. நாள் முழுவதும் உற்றுக் கேட்பது உடல் உழைப்புக்கு நிகரான களைப்பைத் தரும் என்பதால், பிற்பகலில் அக்குழந்தை சோர்ந்து சாய்வதைச் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது.

உதவ வந்தவர்கள் உதவி பெறுபவரைக் கேளாமல் முடிவெடுத்ததற்கு வரலாற்றில் பெரிய சான்றும் இந்தத் துறையிலேயே இருக்கிறது. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய செவித்திறன் குறைந்தோர் கல்விக்கான பன்னாட்டு மாநாடு, பேச்சுவழிக் கல்வியே உயர்ந்தது என்று கூறி வகுப்பறையில் சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். அதன் விளைவாகப் பல நாடுகளில் சைகை மொழியில் கற்பித்த செவித்திறனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தனர்; தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் தங்களுக்கு இயல்பாக வரும் மொழியை மறைத்துக்கொண்டு பயின்றனர். 2010ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்கள் வருத்தத்தோடு புறந்தள்ளப்பட்டன. இடையில் 130 ஆண்டுகள் ஓடிவிட்டன. மிலானில் கூடியவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் என்று நான் கருதவில்லை. நல்லது செய்வதாகவே நம்பியிருந்தார்கள்.

வாசிக்கத் திணறும் குழந்தைக்கு வருவோம். டிஸ்லெக்சியா என்றால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் இருக்கிறது. ஆகவே எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, ஒழுங்காக, திரும்பத் திரும்ப இணைத்துக் கற்பிப்பதே பயன் தரும்; அறிவியலும் வரலாறும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், அந்தப் பாடங்களை ஒலிப்பதிவாகக் கேட்கவோ வாய்மொழியாக விடையளிக்கவோ இடமளிக்கலாம். அக்குழந்தையை முன்னறிவிப்பின்றி எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாலே பள்ளிக்கு வரும் அச்சத்தில் பெரும்பகுதி நீங்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய நிகழ்ச்சி வரிசையைப் படங்களாக மேசையில் ஒட்டிவைப்பதும், மாற்றம் வருமானால் முன்னதாகச் சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. கவனம் நிலைக்காத குழந்தைக்கு ஐந்து கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம்.

கவனித்துப் பார்த்தால், நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஆசிரியரும் வகுப்பறையும் மாற வேண்டியவை. இந்தப் பார்வை புதியதன்று. பிரித்தானியாவில் 1978ஆம் ஆண்டு வெளிவந்த, சிறப்புக் கல்வியை ஆராய அரசு அமைத்த வார்னக் குழுவின் அறிக்கை, குழந்தைகளை ஊனத்தின் பெயரால் வகைப்படுத்துவதை விட்டுவிட்டு அவர்களின் கல்வித் தேவையைப் பார்க்கச் சொன்னது. ஐந்து குழந்தைகளில் ஒருவருக்குப் பள்ளி வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இத்தகைய உதவி தேவைப்படலாம் என்றும் மதிப்பிட்டது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமாங்காவில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, பொதுப் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளையும் ஏற்க வேண்டும் என அறிவித்தனர். 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு அதை உரிமையாகவே ஆக்கியது. அந்தப் பிரிவுக்கு 2016ஆம் ஆண்டு எழுதப்பட்ட விளக்கவுரை, எதையும் மாற்றாத பள்ளிக்குள் குழந்தையைக் கொண்டுபோய் அமர்த்துவதற்கும், குழந்தைக்கேற்பப் பாடத்தையும் முறையையும் சூழலையும் மாற்றி அமைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாக வரையறுக்கிறது. உதவியாளர் ஒருவரை நியமித்துவிட்டு வேறெதையும் மாற்றாத பள்ளி, என் கணிப்பில், முதல் வகையைத் தாண்டவில்லை.

பெற்றோர் ஒன்றைக் கேட்பதுண்டு: மருத்துவரின் சான்று வரும்வரை பள்ளி காத்திருக்கலாமா? குறைபாட்டைக் கண்டறிவது இன்றியமையாதது; சில சலுகைகளுக்குச் சான்றும் கட்டாயம். ஆயினும் கரும்பலகைக்கு அருகில் இடம் தருவதற்கும், கேள்விக்குப்பின் பத்து நொடி காத்திருப்பதற்கும் எந்தச் சான்றும் வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் ஆசிரியரும் பெற்றோரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. "கணக்கில் பின்தங்கியிருக்கிறான்" என்று எழுதினால் அதனால் பயனில்லை. "வாய்க்கணக்கைச் சரியாகச் செய்கிறான், பலகையிலிருந்து எண்களைப் பார்த்து எழுதும்போது வரிசை மாறுகிறது" என்று எழுதினால், அடுத்த நாளே செய்யவேண்டியது என்ன என்பது தெரிந்துவிடும்.

நிறைவாக, பல நாடுகளில் இத்தகைய குழந்தைகளுக்கென வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தைப் பற்றி ஒரு சொல். யார், எதில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உதவ வேண்டும் என்பதையெல்லாம் அதில் எழுதுகிறோம். அந்த உதவி எப்படி, எப்போது குறையும் என்பதை எழுத மறந்துவிடுகிறோம். உதவிகளை அங்கே இரண்டாகப் பிரித்து எழுதலாம். பிரெய்ல் நூல், சக்கர நாற்காலிக்கான சாய்தளம், சைகை மொழிபெயர்ப்பாளர், தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவை தேவை உள்ளவரை நிலைக்க வேண்டியவை; "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அவற்றைக் குறித்துக் கேட்பது, மூக்குக் கண்ணாடியை எப்போது கழற்றுவாய் என்று கேட்பதற்கு ஒப்பானது. சொல்லெடுத்துக் கொடுப்பது, பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து வைப்பது, நண்பர்களோடு பேசும்போது இடையில் நிற்பது ஆகியவை படிப்படியாகப் பின்வாங்க வேண்டியவை. எது எந்த வகை என்பதைப் பெரியவர்கள் மட்டும் கூடி முடிவு செய்யாமல், அந்தக் கூட்டத்தில் குழந்தைக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். பேச இயலாத குழந்தையானால், படம் காட்டியோ சைகை செய்தோ விருப்பத்தைத் தெரிவிக்க வழி செய்ய வேண்டும்.

நான் சொன்ன அந்தச் சிறுவனை இறுதியில் ஒருநாள் கேட்டேன். விடை வர நேரம் எடுத்தது, இம்முறை காத்திருந்தேன். கதவோரத்தில் இருந்த நாற்காலியை அவன் கைகாட்டினான். மறுநாளிலிருந்து அங்கேதான் அமர்ந்தேன். தேவைப்பட்டபோது கையை உயர்த்தி அவனே அழைத்தான். வணக்கம்.