ஷிடாகே காளானில் ஃபார்மலின் கலக்கிறார்களா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, உலர்ந்த ஷிடாகே காளான் வாங்கினேன். அதில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது என்கிறார்கள். கெடாமல் இருக்க மருந்து போடுகிறார்களா? நானே சிப்பிக் காளானுக்கு வைக்கோலை ஃபார்மலினில்தான் ஊற வைக்கிறேன். அதுவும் காளானுக்குள் ஏறிவிடுமா?"

நல்ல கேள்வி தம்பி. 2018-இல் மீனில் ஃபார்மலின் என்று செய்தி வந்ததிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டாலே நமக்கெல்லாம் பயம்தான். ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அதுதான் ஃபார்மலின். ஷிடாகேயில் ஃபார்மால்டிஹைடு இருப்பது உண்மை. ஆனால் அது யாரும் ஊற்றி வந்ததல்ல. அந்தக் காளானே உண்டாக்குவது.

பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் உரிக்காத பல்லை முகர்ந்தால் வாசனை பெரிதாகத் தெரியாது. அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் வீடே மணக்கும். உள்ளே தனித்தனியாக இருந்த கந்தகப் பொருளும் நொதியும் அப்போதுதான் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஷிடாகேயிலும் கிட்டத்தட்ட இதே கதை. வளரும்போதே அதற்குள் லென்டினிக் அமிலம் என்ற கந்தகப் பொருள் சேர்கிறது. காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி முதலில் அதிலிருந்து குளூட்டமிக் அமிலத்தைக் கழற்றிவிடும். அப்புறம் சி-எஸ் லயேஸ் என்ற இன்னொரு நொதி, கார்பனும் கந்தகமும் சேரும் இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் மாறி மாறிச் சேர்ந்து கடைசியில் லென்தியோனின் ஆகின்றன. ஷிடாகேயின் தனி வாசனையே அதுதான். ஃபார்மால்டிஹைடும் அதே வழியில்தான் பிறக்கிறது. வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு ஃபார்மால்டிஹைடு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பறித்தவுடன் இந்த வேலை நின்றுவிடாது. உலர்த்தும்போது செல்கள் உடைவதால் இன்னும் வேகமெடுக்கும். நீங்கள் வாங்கிய காளானில் நாலைந்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சுருங்கிக் கிடந்த குடை மெல்ல விரியும், தண்ணீர் தேன் நிறமாகும், கூடவே அந்த வாசனையும் எழும்பும்.

அளவு எவ்வளவு? உலர்ந்த ஷிடாகேயில் கிலோவுக்கு சுமார் 100 முதல் 400 மில்லிகிராம் வரை பதிவாகியிருக்கிறது. ஒரு வேளைக்கு 10 கிராம் போட்டால் 1 முதல் 4 மில்லிகிராம். நம் உடம்பும் ஃபார்மால்டிஹைடை உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் ரத்தத்தில் எப்போதும் 2, 3 மில்லிகிராம் இருக்கும். வந்ததை உடனுக்குடன் ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும் நொதிகளும் உடம்பில் இருக்கின்றன. அதனால் சமைத்துச் சாப்பிடுகிற ஷிடாகேவுக்குப் பயப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. நன்றாக வதக்கினால் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். பச்சையாக மட்டும் சாப்பிடாதீர்கள். அதற்குக் காரணம் வேறு: அதிலுள்ள லென்டினன் என்ற பொருள் சிலருக்குச் சாட்டையால் அடித்த மாதிரி தோலில் தடிப்பு உண்டாக்கும்.

சிப்பிக் காளானில் ஷிடாகே அளவுக்கு லென்டினிக் அமிலம் கிடையாது. அதனால் அந்தக் கவலை இல்லை. வைக்கோல் விஷயத்துக்கு வருகிறேன். 100 லிட்டர் தண்ணீருக்கு 125 மில்லி ஃபார்மலின், கூடவே 7.5 கிராம் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி, 18 மணி நேரம் ஊறல். வழக்கமான அளவு இதுதான். தண்ணீரை வடித்து, வைக்கோலைப் பரப்பி, நெடி போகும்வரை உலர விட வேண்டும். நெடி மிச்சமிருந்தால் விதைத்த வித்திலிருந்து பூசண இழையே ஓடாது, படுக்கை வெறும் வைக்கோலாகவே கிடக்கும். காளானுக்குள் ஏறுவதை விட எனக்குக் கவலை உங்கள் மூச்சைப் பற்றித்தான். 37 சதவீத ஃபார்மலின் பாட்டிலை மூடிய கொட்டகைக்குள் திறக்காதீர்கள். ஃபார்மால்டிஹைடு காற்றில் கலந்து தொடர்ந்து மூச்சில் போனால் புற்றுநோய் வரலாம் என்பது 2004-லேயே உலகளவில் உறுதி செய்யப்பட்டது. வெளியில் வைத்து, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நின்று ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்தால் வைக்கோலை வெந்நீரில் போட்டு அவிக்கும் முறைக்கு மாறிவிடுங்கள். விறகுச் செலவு கூடும், ஆனால் அந்த பாட்டிலைத் தொடவே வேண்டியதில்லை.