பனிப்புயலில் கார் நின்றுவிட்டால்: ஒரு இரவைத் தாண்ட என்ன வேண்டும்?

[காட்சி: ஒன்டாரியோ வரைபடம். லண்டனிலிருந்து சார்னியா வரை ஒரு கோடு.]

2010 டிசம்பர் 13. லண்டனிலிருந்து, அதாவது நம்ம ஒன்டாரியோ லண்டனிலிருந்து, சார்னியா போகும் ஹைவே 402. ஹியூரன் ஏரிப் பக்கமிருந்து வந்த பனிப்புயலில் 300 பேருக்கு மேல் வண்டியோடு மாட்டிக்கொண்டார்கள். சிலருக்கு 24 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ராணுவ ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது.

ஏரி ஓரத்தில் இப்படி நடப்பது புதிதில்லை. கடும் குளிர்காற்று உறையாத ஏரி நீரைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் குறுகலான பட்டையாகக் கொட்டித் தீர்க்கும். பட்டைக்கு வெளியே வெயில் அடிக்கும், உள்ளே போனால் முன்னால் போகிற வண்டியே தெரியாது. ஸ்கார்பரோவில் கிளம்பும்போது வானம் பளிச்சென்று இருந்ததே என்ற கணக்கு, வடக்கே போகும் ஹைவே 400-இல் பாரி (Barrie) நகரைத் தாண்டினால் செல்லாது.

ஆகவே, காரில் வைக்கும் சாமான் ஒரு மணி நேரத்துக்கு இல்லை, ஒரு இரவுக்கு.

[காட்சி: காரின் பின்பக்கம். பனியில் பாதி புதைந்த புகைக்குழாய், மிக அருகில்.]

இந்தக் குழாயைப் பாருங்கள். நின்ற காரில் குளிரைவிட வேகமாக ஆளை முடிப்பது இதுதான். குழாய் வாயைப் பனி அடைத்தால் புகை காருக்கு அடியில் தேங்கி, உள்ளே ஏறும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடினால் போச்சு.

எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இறங்கிப் போய்க் குழாயைச் சுற்றிப் பனியை வெட்டி எடுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். உள்விளக்கையும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் போடுங்கள், தேடி வருபவர்களுக்குத் தெரியும், பேட்டரியும் தாங்கும்.

சரி, பனியை எதை வைத்து வெட்டுவது? மண்வெட்டி டிரங்கில் கிடக்கிறது. டிரங்க் உறைந்து திறக்க மறுக்கிறது! சின்ன மண்வெட்டியும் பனித் துடைப்பமும் பின்சீட்டுக் காலடியில்தான் இருக்கவேண்டும். கம்பளி, உலர்ந்த காலுறை, கையுறை, தலையில் மாட்டும் டார்ச், போன் சார்ஜர் எல்லாமே கைக்கெட்டும் இடத்தில்.

[காட்சி: பின்சீட்டில் பரப்பிய சாமான்கள்.]

தண்ணீர் போத்தலை முக்கால்வாசிதான் நிரப்புங்கள், உறைந்தால் விரிய இடம் வேண்டும். சாப்பிடப் பேரீச்சம்பழம், கச்சான், சாக்லேட். மிக்ஸர் வேண்டாம், உப்புக்குத் தாகம் எடுக்கும். டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று பல பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூடிய காருக்குள் நெருப்பைவிட ஆளுக்கொரு கம்பளி அதிகம் இருப்பதே மேல்.

சக்கரம் வழுக்கிச் சுழன்றால் அடியில் போட மணல் அல்லது பூனை மணல். பூனை மணலில் ஈரம் பட்டால் கட்டியாகும் வகையை வாங்காதீர்கள், சக்கரத்துக்கு அடியில் களியாகிவிடும். களிமண்ணில் செய்த, கட்டியாகாத மலிவு வகைதான் பிடிப்புக் கொடுக்கும்.

மின்சாரக் காரில் புகைத் தொல்லை இல்லை. ஆனால் ஹீட்டர் சார்ஜைக் குடிக்கும், சீட் சூட்டை மட்டும் போட்டால் நெடுநேரம் தாங்கும்.

மற்றதெல்லாம் கிளம்புமுன் செய்யவேண்டியவை. குளிர்கால டயரில் மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால் காரை விட்டு நடக்காதீர்கள், வெள்ளைப் புயலில் சில அடிகளிலேயே திசை தப்பும். வீட்டில் யாரிடமாவது எந்த வழியாகப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, மாகாணத்தின் பாதைத் தகவல் சேவையான ஒன்டாரியோ 511-இல் நிலவரம் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். ஹைவே மூடியிருக்கிறது என்று போட்டிருந்தால், உள்பாதையில் சுற்றிப் போய்விடலாம் என்று பார்க்கவேண்டாம். அங்கே பனி அள்ளும் வண்டி இன்னும் தாமதமாகத்தான் வரும்.