முருங்கை தின்ற யானையும் விழுந்த விட்டமும்: பாழ்வீட்டுக் கவிதைகளை வன்னியில் வாசித்தல்

[காட்சி: ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகும் வீதி. ஒரு வளவு (வீட்டுக் காணி). பின்பக்கம் கூரையில்லாத பழைய கல்வீடு. முன்பக்கம் புதிதாகக் கட்டிய சிறிய வீடு.]

வணக்கம். பாழடைந்த பரம்பரை வீட்டைப் பற்றி இந்தியக் கவிதையில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டால், இரண்டு பெயர்கள் உடனே வரும். ஒருவர் கமலா தாஸ். மற்றவர் ஏ. கே. ராமானுஜன். இருவரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். கமலா தாஸ் பாடியது கேரளத்துத் தறவாட்டை, அதாவது குடும்பத்தின் பரம்பரை வீட்டை. ராமானுஜன் பாடியது கூட்டுக்குடும்பத்தின் பெரிய வீட்டை.

இந்தக் கவிதைகள் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பவை. விளக்கங்களுக்கும் குறைவில்லை. அந்த விளக்கங்களில் பல, "காலம் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது" என்று முடிந்துவிடுகின்றன. போர் நடந்த வட இலங்கையின் வன்னியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வீடுகளைத் தின்றது காலம் அல்ல என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே கவிதைகளை வேறு ஒரு கேள்வியோடு வாசிப்போம். கவிதையில் வரும் வீட்டை உடைத்தது யார்? எது முதலில் விழுந்தது?

[காட்சி: பூட்டிய யன்னல். புத்தக அலமாரி. கோட்டோவியம்.]

முதலில் கமலா தாஸ். 1965 இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பிலேயே பாட்டியின் வீட்டைப் பற்றிய கவிதை இருக்கிறது. புன்னயூர்க்குளத்து நாலப்பாட்டு வீடுதான் அதன் பின்னணி. பாட்டி இறந்த பிறகு வீடு மௌனத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. புத்தகங்களுக்கிடையில் பாம்புகள் ஊர்கின்றன. மணமாகித் தொலைவில் வாழும் பேத்தி, ஒருமுறையாவது போய், குருடாகிப்போன அந்த யன்னல்களால் எட்டிப் பார்க்கவேண்டும் என்று ஏங்குகிறாள். ஒரு கை நிறைய இருட்டை அள்ளிவந்து தன் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நாயைப் போலக் கிடத்திக்கொள்ளவேண்டும் என்கிறாள்.

அழகான கவிதை, சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: அந்த வீட்டில் யன்னல் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, இருட்டை அடைத்து வைக்கக் கூரையும் இருக்கிறது. போகாமல் இருப்பதற்குக் காரணம் அவளுடைய வாழ்க்கை. வழி திறந்தேதான் கிடக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த செட்டிக்குளம் மெனிக் முகாமில் இருந்தவர்களும் இதே ஏக்கத்தோடுதான் இருந்தார்கள். ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். அதற்கு முதலில் முகாமிலிருந்து விடவேண்டும். பிறகு கண்ணிவெடி அகற்றி முடியவேண்டும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை வளவின் வேலியிலிருந்து போகவேண்டும். எட்டிப் பார்த்தவர்களில் பலருக்கு யன்னல் இருக்கவில்லை. சட்டமும் இருக்கவில்லை.

[காட்சி: பெரிய வீட்டின் வாசல். பொருள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன.]

அடுத்தது ராமானுஜன். 1971 இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள கவிதை. அதில் வரும் பெரிய வீட்டுக்கு ஒரு விசித்திர குணம். உள்ளே வந்த எதுவும் வெளியே போவதில்லை. இரவல் நூல்கள், அயல்வீட்டார் பலகாரம் அனுப்பிய பாத்திரங்கள், வழிதவறி வந்த மாடுகள், மருமக்கள், நோய்கள், எல்லாம் அங்கேயே தங்கிவிடுகின்றன. தப்பித்தவறி வெளியே போனவையும் திரும்பிவிடுகின்றன. மான்செஸ்டருக்குப் போன பஞ்சுப் பொதி, துணியாகி, விலைச்சீட்டோடு வருகிறது. ஓடிப்போன பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் உருவில் வருகிறார்கள். கடைசியில், எல்லையில் இறந்த, உடன்பிறந்தார் மகனின் உடல், விமானத்திலும் ரயிலிலும் இராணுவ லொறியிலும் ஏறி, தந்தி வந்து சேர்வதற்கு முன்பே வந்துவிடுகிறது. வீட்டார் அரட்டையடித்துக்கொண்டிருந்த ஒரு நல்ல பிற்பகலில்.

இந்திய வாசகருக்கு அந்த முடிவு நெஞ்சில் குத்தும். எங்களுக்கு, சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொறாமையாக இருக்கிறது. உடல் வருகிறது! அதுவும் வீட்டுக்கு! 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கிய தாய்மார் கேட்டது, தம் பிள்ளைகள் எங்கே என்பதைத்தான். எதையும் வெளியே விடாத அந்தப் பெரிய வீட்டுக்கு நேர் எதிரான வீடு இங்கே இருக்கிறது. உள்ளே இருந்த எதுவுமே மிஞ்சவில்லை.

மிஞ்சவில்லை என்பதை எழுத்தெண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் போர் நெருங்க, மக்கள் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. ஓட்டைக் கழற்றினார்கள். தகரத்தைக் கழற்றினார்கள். நிலை, கதவு, கிணற்றுக் கப்பி வரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். அடுத்த ஊரில் அதே தகரத்தால் கொட்டில். அதற்கடுத்த ஊரில் அதிலும் பாதி. விட்டுவந்ததில் எஞ்சியதைப் பிறகு யார் கழற்றினார்கள் என்பது வேறு கதை.

[காட்சி: பழைய சுவரின் உச்சி. தீராந்தி (கூரை தாங்கும் உத்தரம்) செருகியிருந்த சதுரப் பொந்துகள். செங்கல்லில் ஏறிப்போகும் கறையான் மண்குழாய்.]

இந்தப் பொந்துகளைப் பாருங்கள். முதிரை மரத் தீராந்தியின் முனைகள் செருகியிருந்த இடம். முதிரையைக் கறையான் எளிதில் அசைக்காது. ஆனால் கூரை போனபின் மழைநீர் நேரே சுவரின் தலையில் இறங்கும். மேற்பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் ஆலம்விதையோ அரசம்விதையோ விழுந்தால் போதும். மீதியை வேர் பார்த்துக்கொள்ளும். நிலம் மட்டும் அப்படியே கிடக்கிறது, சிவப்புச் சீமெந்தில். மழை பெய்து கழுவிய நாளில் நேற்றுத்தான் மெழுகியதுபோல் மினுங்கும்.

"பரம்பரை வீடு" என்று வன்னியில் சொல்லும்போது ஒரு சிக்கல் உண்டு. இரணைமடுவைச் சூழ்ந்த பல குடியேற்றங்கள் 20ஆம் நூற்றாண்டில் உருவானவை. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்களும் இருக்கிறார்கள். பாட்டன் கட்டிய கொட்டில், அப்பா கட்டிய கல்வீடு, அத்தோடு சரி. காணியும் பல இடங்களில் உறுதிக் காணி (பத்திரம் உள்ள சொந்தக் காணி) அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெமிற் காணி, அதாவது அரச அனுமதிப்பத்திரக் காணி. அது பின்னுரித்தாளியாகக் குறித்தவருக்குப் போகும். உறுதிக் காணியோ தேசவழமை என்னும் வட இலங்கைத் தமிழர் வழக்குச் சட்டப்படி முதுசமாகப் பிள்ளைகளிடையே பங்காகும். ஒரு பங்கு ரொறன்ரோவில், ஒரு பங்கு பாரிஸில், ஒரு பங்கு இங்கே ஆடு மேய்த்துக்கொண்டு. எல்லோரும் கையெழுத்து வைக்காமல் இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. அந்த இடைவெளியில் வளர்வதுதான் அரசமரம்.

போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளிக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அந்தப் பணத்தில் பழைய சுவரை நிமிர்த்த முடியாது. அதனால்தான் பல வளவுகளில் இரண்டு வீடுகள். முன்னால் குடியிருக்கும் வீடு, பின்னால் கோழி அடையும் வீடு.

[காட்சி: முருங்கை மரம். பட்டை உரிந்த கிளை.]

இப்போது மூன்றாவது கவிதை. அகநானூறு 167. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

பாட்டைச் சொல்பவன் பொருள் தேடப் புறப்பட நினைக்கும் தலைவன். தன் நெஞ்சோடு பேசுகிறான். இன்று இவளோடு இனிதாகக் கழிந்தது. நாளை கண் பொருந்தாமல் எங்கே கிடப்பேன் தெரியுமா என்று கேட்டு, வழியில் உள்ள ஓர் ஊரைக் காட்டுகிறான். வணிகக் கூட்டத்தை அடித்துப் பறிக்கும் வில்லாளிகள் அங்கே உண்டு. அவர்களுக்கு அஞ்சி ஊரே எழுந்து போய்விட்டது. "ஊர்எழுந்து உலறிய பீர்எழு முதுபாழ்." ஊர் எழுந்துபோய் வறண்ட, பீர்க்கங்கொடி படர்ந்த பழம்பாழ்.

குற்றவாளியின் பெயரை முதலிலேயே சொல்லியாயிற்று. பிறகுதான் இடிபாடு வருகிறது, ஒரு கொத்தனார் பார்த்துச் சொல்வதுபோல் வரிசையாக. முருங்கை மேய்ந்த யானை வந்து முதுகைச் சுவரில் உரசுகிறது. நெடிய செங்கற் சுவர் தளர்கிறது. விட்டம் விழுகிறது. விட்டம் விழுந்ததால் மாடப்புறா போய்விடுகிறது. சுவரில் எழுதியிருந்த கடவுளும் போய்விடுகிறார். கடவுள் போனதால் பலி இல்லை; பலி இல்லாததால் மெழுகுவாரும் இல்லை. "மெழுகாப் புன்திணை" என்கிறார், அந்தத் திண்ணையை. அங்கே பால்கொடுக்கும் நாய் கிடக்கிறது. மிஞ்சிய மரத்தைக் கூர்வாய்க் கறையான் மொய்க்கிறது.

இது தனிவீடு அல்ல, ஊர்ப் பொது அம்பலம் என்பது உண்மைதான். ஆனால் அந்த முருங்கையைப் பாருங்கள். முருங்கை வேலியோரத்தில் யாரோ ஒருத்தி தடி ஊன்றி வளர்த்த மரம். யானையை ஊருக்குள் இழுத்ததே அவளுடைய கறிமரம்தான். ஆள் போனபின் மரம் நிற்கிறது. மரத்துக்காக யானை வருகிறது. யானையால் சுவர் போகிறது. இதை வன்னியில் யாருக்கும் உரை எழுதி விளக்கவேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் இந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எதற்காக வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பாழை நினைத்தே தலைவன் பயணத்தைக் கைவிடுகிறான். ஓர் இடிந்த கட்டடத்தை, போகாதே என்பதற்கான வாதமாக வைத்த கவிதை இது.

[காட்சி: கறுப்புத் திரை. எழுத்து: பட்டினப்பாலை.]

ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இதே உருத்திரங்கண்ணனார்தான் பட்டினப்பாலையும் பாடினார். அங்கேயும் பாழூர்கள் வருகின்றன. விழா நின்றுபோன மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் படர்கின்றன, நரி ஊளையிடுகிறது, கூகை குழறுகிறது. ஆனால் அங்கே ஊரைப் பாழாக்கியவன் கரிகாலன். பாட்டு அவனுக்குப் புகழுரை. அந்தப் பாட்டுக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசு கிடைத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. அடுத்த காணொளி அதைப் பற்றித்தான்.